இடதுபக்க முன்சக்கரம்

ஒரு வாரமாய் வீட்டில் இதே பேச்சு.
வண்டியில் சத்தம் வருகிறது என்றேன்.
ஆமா, வருது என்றார் இவரும்.
அத்தோடு ஒற்றுமை முடிந்தது.

எனக்குக் கேட்பது கிரீச்.
சிலேட்டில் ஆணி இழுத்ததுபோல்,
நாற்பதைத் தாண்டினால் மெலிந்து நீண்டு,
பிரேக்கைத் தொட்டால் நின்றுபோகிற கிரீச்.
இவருக்கோ டொக்.
முன்னீர்பள்ளம் வேகத்தடையில் ஒன்று,
வாய்க்கால் பாலத்தில் இரண்டு.
"கிரீச்சாவது மண்ணாவது.
டிக்கியில தேங்கா உருளுத மாதிரி டொக்குனு ஆடுது,
ஒனக்குக் கேக்கலியா?"
கேட்கத்தான் செய்தது.
விட்டுக்கொடுப்பானேன்?
இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருளில்லை என்று
பத்தாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
இங்கே பிரிந்துதான் வந்தது,
ஆளுக்கொன்றாய்.

ஞாயிறு காலை ஏழு மணி.
வெயில் போர்ட்டிகோவுக்குள் நுழையுமுன்
பின்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்து,
ஜாக்கி ஏற்றுமுன்பே நட்டுகளை இளக்கினேன்.
தூக்கிய பிறகு இளக்கினால் சக்கரமும் கூடவே சுற்றும்;
போன வருஷம் பட்ட பாடு.
ஜாக்கிய நம்பித் தல குடுக்காத என்று
ஸ்டெப்னியை அடியில் படுக்கப் போட்டார் இவர்.

மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம்.
அசைவில்லை, பேரிங் தப்பித்தது.
ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.
கிரீச்.
"இந்தா!" என்றேன்.
"எது?" என்றார்.

மறுபடி சுற்றினேன்.
துணிக்கொடியிலிருந்த மைனா எழுந்து பறந்தது.
எதிர்வீட்டு நாய் காதை மடக்கியது.
"அம்மா, நிறுத்து, பல்லு கூசுது" என்று
மாடியிலிருந்து கத்தினாள் மகள்.
இவர் குனிந்தபடியே
சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
எப்போது தொடங்கும் என்று
காத்திருக்கிறவர் முகத்தோடு.

பதினேழு வருஷக் கிரஷர்.
தகரச் சரிவில் ஜல்லி கொட்டும் இடத்தில்
ஐந்தடி தள்ளி இவர் நாற்காலி.
காதடைப்பான் கொடுத்தார்கள்தான்.
அத மாட்டுனா லாரிக்காரன் கூப்புடுதது கேக்காது என்று
சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.
குக்கர் விசிலை எண்ணத் தெரியாத மனுஷன் என்று
எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்.
வாய்க்குள்ளயே முனங்காதட்டி, தெளிவாப் பேசு என்று
மகளை எத்தனை நாள் அதட்டியிருக்கிறார்.
என் குரலும் கொஞ்சம் கீச்சுதான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பிரேக் தட்டின் பின்தகட்டை
ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன்.
உளுந்தளவு சில்லு ஒன்று விழுந்தது,
கருநீலத்தில், ஒரு முனை மட்டும் பளபளவென்று தேய்ந்து.
எந்த இடத்துக் கல் என்று
கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இப்பம் என் சத்தத்தப் பாரு.
இங்ஙன கை வையி" என்றார்.
கடப்பாரையால் கீழ்க்கையை அவர் நெம்ப
ஸ்டெபிலைசர் லிங்க்கின் குமிழில்
என் விரலுக்கடியில் ஒரு துள்ளல்.
ரப்பர் கிழிந்து, கிரீஸ் வறண்டு,
ஆட்டங்கண்ட பல்லைப்போல.
டொக்கை அவர் கேட்கவே இல்லை,
உள்ளங்காலில் வாங்கியிருக்கிறார்.

வண்ணார்பேட்டை மைதீன் பிச்சை
கடை பாதி திறந்திருக்கு, பன்னிரண்டுக்குள்ள வாங்க என்றார்.
ஒண்ணு போனா இன்னொண்ணும் போவும்,
ஜோடியா மாத்திருங்க.
ஸ்பீக்கரில் போட்டு இரண்டு முறை கேட்டார் இவர்.

சாயங்காலம் சோதனை ஓட்டம்.
வேகத்தடையில் மூச்சைப் பிடித்தோம்.
ஒன்றுமில்லை.
வாய்க்கால் பாலத்திலும் ஒன்றுமில்லை.
"நின்னுட்டுல்லா!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார்.
பிறகு, கொஞ்சம் தயங்கி,
"ஒன் சத்தம்?"
"அதுவும் நின்னுட்டு."
என் வாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்.
இத்தனை வருஷமும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்.
நான் வேறென்னவோ நினைத்திருந்தேன்.

மேலச்செவல் ரோட்டில் திரும்பி ஒரு மைல் ஆகியும்
இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே வந்தது.
வழக்கமாய்த் திட்டுவேன்.
இன்றைக்கு அவர் முழங்கையைத் தொட்டு
மினுங்கிக்கொண்டிருந்த பச்சை அம்பைக் காட்டினேன்.